கரீபியன் தீவுக்கு ஒரு வெள்ளோட்டம்

கரீபியன் தீவுகளில் முதன்முதலாக வந்து இறங்கிய வெள்ளைக்காரர்கள் வழி தவறி வந்து இறங்கினார்கள் என்று சரித்திரம் சொல்கிறது. கிளம்பியது ஓர் இடத்துக்கு, போய்ச் சேர்ந்தது வேறோர் இடத்துக்கு. திட்டமிடாத பயணத்துக்கு இதைவிடக் கேவலமான உதாரணம் கிடையாது. அதே தீவுகளுக்கு முறைப்படித் திட்டமிட்டு, ஒரு குறையும் வைக்காமல், கடைசிவரை போய்ச் சேராமலேயே இருந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். இந்தச் சாதனை மறக்கப்பட்டுவிடக் கூடாது என்ற பொதுநல நோக்கத்தில் மட்டுமே இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகரப் பேருந்து அலுவலகத்தின் கால அட்டவணைப் பிரிவுக்கு நான்தான் தலைமை. எந்த பஸ் எந்த நிறுத்தத்துக்கு எப்போது வரவேண்டும் என்று முடிவு செய்பவன். என் அட்டவணைகளில் இன்றுவரை யாரும் ஒரு பிழை கண்டுபிடித்ததில்லை. பஸ்கள் அவற்றின்படி வருவதில்லை என்பது உண்மைதான். அது பஸ்களின் குறை. நிறுத்தத்தில் கால் கடுக்க நிற்கிறவர்கள் என் அட்டவணையை அண்ணாந்து பார்த்து ஏதோ முணுமுணுப்பதை நானே நேரில் பார்த்திருக்கிறேன். பாராட்டாகத்தான் இருக்க வேண்டும்.

என் மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் தலைமை நர்ஸ். டாக்டர் கையை நீட்டுவதற்கு முன்பே, அந்தக் கையில் வைக்க வேண்டியதை எடுத்துத் தயாராக வைத்திருப்பாள். அந்தத் திறமையே அவளுக்கு வினையாகப் போயிற்று. லீவு கேட்டால், "சிஸ்டர் இல்லாம நான் எப்படி வெட்டறது?" என்பாராம் பெரிய டாக்டர். சின்ன டாக்டர்களும் அதையே சொல்வார்களாம். நோயாளிகள் மயக்கத்தில் இருப்பதால் அபிப்பிராயம் சொல்வதில்லை.

இப்படி இருக்கையில் தியேட்டரின் தரை பெயர்ந்துவிட்டது. அங்கங்கே ஒட்டுப்போட்டுப் பார்த்து, கடைசியில் மொத்தமாகப் பெயர்த்துப் புதுத்தரை போடுவது என்று முடிவாகி, அடுத்த மாதம் தியேட்டரை இரண்டு வாரம் மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் என் மனைவி வந்து சோபாவில் சாய்ந்து, இரண்டு காலையும் ஸ்டூலின் மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். பாதம் வீங்கியிருந்தது.

"ரெண்டு வாரம் லீவு," என்றாள்.

"சந்தோஷம்," என்றேன்.

"மயக்கம் தெளியவைக்கிற ரூம்ல ஒரு காலண்டர் தொங்குதுங்க. கரீபியன் தீவு ஏதோ ஒண்ணு. தண்ணி, மணல், ஒரு மரம். ஆள் ஒருத்தரும் இல்ல. தேதியெல்லாம் கிழிச்சு முடிஞ்சும் படத்தை மட்டும் எடுக்காம வச்சிருக்கோம். அங்க போய்த் தண்ணியில மல்லாந்து மிதக்கணும். யாரும் என்னை சிஸ்டர்னு கூப்பிடக் கூடாது. அதை எடு, இதை எடுன்னு கேக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். டிக்கெட் போட்டுடுங்க. மறுபடியும் தரை பெயர்ற வரைக்கும் எனக்கு லீவு கிடையாது, பாத்துக்கோங்க."

"என்கிட்ட விட்டுடு," என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நன்றியோடு பார்க்கிறாள் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அது பயமாகவும் இருந்திருக்கலாம்.

டிக்கெட் போடுவது திட்டமிடத் தெரியாதவர்கள் செய்கிற வேலை. நான் முதலில் ஹாலில் இருந்த எங்கள் கல்யாணப் போட்டோவைத் 'தற்காலிகமாக' இறக்கி வைத்துவிட்டு, அந்த ஆணியில் கடல் வரைபடம் ஒன்றை மாட்டினேன். அலுவலகத்திலிருந்து வண்ண ஊசிகள் வந்தன. கடலில் கண்ட இடத்திலெல்லாம் பொட்டுப் பொட்டாகத் தீவுகள். இத்தனையை யார் மேற்பார்வை செய்கிறார்களோ தெரியவில்லை. சில நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, ஒரு தீவை 'முதல் தீவு' என்று அறிவித்தேன்.

என் தங்கை கீழ்வீட்டில் இருக்கிறாள். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறாள். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நேரம் பார்த்து மிதிப்பதுதான் அவள் தொழில். அந்தப் பழக்கத்தை வீட்டிலும் விடமாட்டாள்.

"எந்தத் தீவுண்ணா?" என்று கேட்டபடி வந்தாள்.

"முதல் தீவு முடிவாயிடுச்சு. மாற்றுத் தீவு பரிசீலனையில இருக்கு."

"மாற்றுத் தீவு எதுக்கு?"

"ஒவ்வொரு ரூட்டுக்கும் டிப்போல ஒரு மாற்று பஸ் நிறுத்தி வச்சிருக்கோம்ல? ஒண்ணு பழுதாச்சுன்னா இன்னொண்ணு வேணும்ல?"

"தீவு எப்படிண்ணா பழுதாகும்?"

"பஸ் எப்படிப் பழுதாகுதுன்னு உனக்குத் தெரியுமா? தெரியாது. ஆனா ஆகுதா இல்லையா?"

அவள் தன் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்ததாகப் 'பணிச் சுழற்சி'யை விளக்கினேன். கடற்கரையில் பெட்டிகளைத் தனியாக விடமுடியாது. ஆகவே ஒருவர் தண்ணீரில் மகிழ்ச்சியாக இருக்கையில் மற்றவர் பெட்டிகளுக்குக் காவல் இருப்பார். பிறகு பணி மாறும்.

"அப்ப நாம ரெண்டு பேரும் சேந்து எப்ப இருப்போம்?" என்று கேட்டாள் என் மனைவி.

"பெட்டிச் சாவி கைமாறும்போது," என்றேன்.

அவள் அடுத்த துணியை எடுத்துக்கொண்டாள். என் தங்கை காலால் தரையை அழுத்தியதை நான் கவனித்தேன். பிரேக் அங்கே இல்லை.

லீவு கேட்கப் போனபோதுதான் பொது மேலாளர் என் கண்ணைத் திறந்தார். அவர் சாதாரண ஆள் இல்லை. கூட்டம் போடாமல் தும்மக்கூட மாட்டார். உடனே கூட்டம் போட்டார். அவர், நான், 'ஆமோதிப்பு' மூவரும் உட்கார்ந்தோம். ஆமோதிப்பு என்பது எங்கள் உதவி மேலாளர். யார் எதைச் சொன்னாலும் ஆமோதித்து ஆமோதித்தே பதவி உயர்ந்தவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரியும்.

"உங்க பாதை புதுப் பாதை," என்றார் பொது மேலாளர். "வெள்ளோட்டம் விட்டீங்களா?"

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் வெள்ளோட்டம் விடாமல் எந்தப் பாதையையும் திறக்கக் கூடாது. ஒரு முறை அவசரப்பட்டுத் திறந்ததில், பஸ் போய் ரயில் பாலத்துக்கு அடியில் சிக்கிக்கொண்டது. பாலத்தை உயர்த்துவதா, பஸ்ஸைத் தாழ்த்துவதா என்று ஆராய அமைத்த குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து, பயணிகளுக்குப் பதில் மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்த்த பிறகுதான் எதுவும். இத்தனை வருஷம் இந்த விதியைக் கட்டிக்காத்த நான், என் சொந்த விஷயத்தில் கோட்டைவிட்டிருந்தேன்.

"கடல்ல எப்படி சார் வெள்ளோட்டம் விடறது?"

"கடலுக்கு எதுக்குப் போறீங்க? வீட்டுலயே விடுங்க. அதே ஆளுங்க, அதே மூட்டை. இடம் மட்டும்தானே வேற?"

"ஆமோதிக்கிறேன்," என்றார் ஆமோதிப்பு.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. லீவில் முதல் வாரம் வெள்ளோட்டம், இரண்டாம் வாரம் பயணம். வீட்டுக்கு வந்து அறிவித்தேன். என் மனைவி பாத்திரத்தை அப்படியே தொட்டியில் போட்டுவிட்டு, ஈரக்கையோடு நின்றாள்.

"மிதக்கறது?"

"இரண்டாவது வாரம்."

"நிச்சயமா?"

"திட்டத்துல இருக்கு."

"சரி, ஒரு வாரம் மிதந்தாலும் போதும்," என்றாள். நல்ல மனசு அவளுக்கு. அதைப் பயன்படுத்திக்கொள்ள என்னைவிட்டால் ஆள் கிடையாது.

வெள்ளோட்டம் தொடங்கியது. மணல் மூட்டைக்குப் பதிலாகப் பழைய கால அட்டவணைகளைப் பெட்டிகளில் அடைத்தோம். எடை சரியாக வந்தது. அவற்றை மாடிப்படியில் இறக்கி, தங்கையின் காரில் ஏற்றி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் மேலே ஏற்றினோம். "அண்ணி, நீங்க விடுங்க, நான் தூக்கறேன்," என்று என் தங்கை சொன்னாள். நான் கையில் கடிகாரத்தோடு முன்னால் போய்க்கொண்டிருந்ததால் என்னால் தூக்க முடியவில்லை.

விமானம் ஹாலில் நின்றது. சாப்பாட்டு மேசை நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டிருந்தேன். என் மனைவிக்குப் பெருந்தன்மையோடு ஜன்னல் இருக்கை ஒதுக்கினேன். எதிர்வீட்டு மாடியில் உலரும் போர்வைகள் நன்றாகத் தெரிந்தன. விமானியாக நானே பொறுப்பேற்று, இருக்கைப் பட்டையை மாட்டிக்கொள்ளும்படி அறிவித்தேன். பாதுகாப்பு விளக்கம் முடிவதற்குள் பயணி தூங்கிப்போனார். இதைக் குறையாகக் குறித்துக்கொண்டேன்.

"எழுந்திரு. சாப்பாட்டு நேரம்."

"யார் குடுப்பாங்க?"

"விமானி இருக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. விதி."

அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பறக்கும் விமானத்தில் பயணியே சமைத்தது இதுதான் முதல் முறையாக இருக்கும்.

தீவில் இறங்கியதும் ஹோட்டல். வரவேற்பு அதிகாரி நான், வழிகாட்டி நான், மேலாளர் நான். இத்தனை உயர் பதவிகளையும் ஒருவனே வகித்ததால், அறையைப் பெருக்குவது, படுக்கை விரிப்பது, சமையல், துணி ஆகியவை 'கூடுதல் பொறுப்பாக' என் மனைவியிடம் ஒப்படைக்கப்பட்டன. பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தேன். அதுதான் கடல். வேலை முடிந்ததும் அவள் வந்து, அதில் காலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். நான் உள்ளே பெட்டிகளுக்குக் காவல் இருப்பேன்.

"அந்தக் கண்ணாடியை எடுத்துக் குடேன்."

"கடல்லேருந்து வரணுமா?"

"கடல் எங்கயும் போகாது. வந்து எடுத்துக் குடுத்துட்டுப் போ."

ஈரக்கால் தடம் பதிய வந்து எடுத்துக்கொடுத்துவிட்டுப் போவாள். பிறகு பேனா. பிறகு டீ. அடிக்கடி எழுந்ததால் அவள் கடலில் இருந்த நேரம் திட்டமிட்டதைவிடக் குறைந்துபோயிற்று. இதையும் பயணியின் குறையாகவே குறித்துக்கொண்டேன்.

வார முடிவில் குறைகளைப் பொது மேலாளரிடம் போனில் வாசித்தேன். பயணி தூங்கியது, அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்ததால் திரும்பும் விமானம் தாமதமானது, கடல் ததும்பிக் கீழ்வீட்டுத் துணிகள் நனைந்தது, எல்லாம்.

"குறை இருந்தா மறு வெள்ளோட்டம்தான்," என்றார் அவர். "விதி விதிதான். பாலம் ஞாபகம் இருக்குல்ல?" பின்னாலிருந்து ஆமோதிப்பின் குரலும் கேட்டது.

என் மனைவி அப்போது கடலில் இருந்தாள். நான் போய், இரண்டாவது வாரமும் வெள்ளோட்டம்தான் என்று தெரிவித்தேன். மேலே வந்திருந்த என் தங்கைதான் பதில் சொன்னாள்.

"அண்ணா, லீவு முடியப் போகுது. அண்ணிக்கு இனிமே எப்ப கிடைக்கும்?"

"முடியட்டும். ஆனா திட்டம் தயாரா இருக்கும். அடுத்த தடவை தரை பெயரும்போது நேரா கிளம்பிடலாம்."

"புதுத்தரைண்ணா அது. பெயராது."

"அப்படிச் சொல்லாத. எந்தத் தரையும் பெயரும்," என்று தைரியம் சொன்னேன்.

என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னத்தில் ஈரம் இருந்தது. கடலோரத்தில் உப்புத்தண்ணீர் மேலே தெறிப்பது சகஜம் என்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்தத் தொட்டியில் நான் பிடித்து வைத்திருந்தது நல்ல தண்ணீர். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இதை எழுதும்போது உறைக்கிறது.

மறுநாள் காலையில் அவளாகவே வந்து, "எல்லாம் பாத்தோம். குடியேற்றச் சோதனை பாக்கவே இல்லையே?" என்று கேட்டாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கடைசியில் அவளுக்கும் திட்டமிடலில் ருசி வந்துவிட்டது.

"அசல் பாஸ்போர்ட் வச்சுத்தான் பாக்கணும்," என்றாள். "இல்லேன்னா ஒத்திகை மாதிரி இருக்காது."

அப்பழுக்கற்ற யோசனை. பாஸ்போர்ட்டுகளைப் பாதுகாப்புக் கருதி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை நான்தான் வைத்திருந்தேன். எடுத்துக்கொடுத்தேன். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் மேசையைப் போட்டு, அலுவலக முத்திரையோடு அதிகாரியாக உட்கார்ந்தேன். அசல் பாஸ்போர்ட்டில் குத்தக் கூடாது என்கிற அளவுக்கு எனக்கும் விவரம் உண்டு. துண்டுக் காகிதங்கள் வெட்டி வைத்திருந்தேன். என் மனைவி நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு பெட்டியோடு வந்தாள். பின்னால் 'சக பயணியாக' என் தங்கை, அவளும் பெட்டியோடு. பெட்டிகள் இலேசாக உருண்டன. அட்டவணைகளை அடைக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று அதையும் குறையாகக் குறித்துக்கொண்டேன்.

"பயணத்தின் நோக்கம்?" என்றேன், கண்டிப்பாக.

"ஓய்வு."

"எதிலிருந்து?"

இப்படி எந்த அதிகாரியும் கேட்பதாகத் தெரியவில்லை. என் சொந்தத் திறமையில் சேர்த்துக்கொண்ட கேள்வி இது. அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"வேலை செய்யற இடத்துல டாக்டர் கேக்கறதுக்கு முன்னாடி எடுத்து நீட்டணும் சார். வீட்டுக்கு வந்தா இவர் கேக்கக் கேக்க எடுத்து நீட்டணும். அங்கயாவது, முடிஞ்சதும் காயத்தைத் தைச்சுடுவாங்க. நீட்டி நீட்டிக் கை ஓஞ்சுபோச்சு சார். கொஞ்ச நாள் இந்தக் கையைத் தண்ணியில போட்டு வைக்கணும்."

அதிகாரி ஆத்திரப்படக் கூடாது. நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.

"உடன் வருபவர்?"

"நாத்தனார் வர்றாங்க."

"கணவர்?"

"அவர் வரல சார். அவருக்கு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"நான் ஓய்வெடுக்கத் திட்டம் போட்டுட்டிருக்கார்."

ஒரு அதிகாரியாகப் பார்த்தால் அவள் பதில்களில் ஓட்டை எதுவும் இல்லை. முத்திரை குத்தினேன். தங்கைக்கும் குத்தினேன்.

"இப்ப நீங்க எழுந்து இந்தப் பக்கம் வாங்க," என்றாள் என் மனைவி. "உங்களை யார் சோதிக்கிறது?"

நியாயம்தான். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் மேசைக்கு முன்னால் நின்று பாஸ்போர்ட்டை நீட்டினேன். அவள் அதைப் புரட்டினாள்.

"நோக்கம்?"

"ஓய்வு," என்றேன் கம்பீரமாக.

"எதிலேருந்து?"

வாயைத் திறந்தேன். பதில் வரவில்லை. அட்டவணை போடுவதிலிருந்து என்று சொல்லலாம். அதை நான் போட்டாலும் போடாவிட்டாலும் பஸ்கள் ஒரே மாதிரிதான் வருகின்றன. வீட்டு வேலையிலிருந்து என்று சொல்லலாம். அவளுக்குப் பின்னால் தெரிந்த சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. தூக்கிய பெட்டி, விரித்த படுக்கை, போட்ட டீ என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். ஒன்றிலும் என் கை படவில்லை. அவள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற முகமாக இருந்தது.

"கொஞ்சம் ஓரமா நில்லுங்க சார்," என்றாள் கடைசியில். "பதில் கிடைச்சதும் வாங்க."

என் பாஸ்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டு, தன்னுடையதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். இரண்டு பெட்டிகளும் வாசலைத் தாண்டிப் படியில் இறங்கின. பெட்டியைக் காரில் ஏற்றும் ஒத்திகையை முந்தின வாரமே முடித்தாயிற்றே, பிறகு ஏன் இறங்குகிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. படிக்கட்டுக்கு ஓடினேன்.

"விசா கேக்காத தீவுண்ணா," என்றாள் தங்கை கீழேயிருந்து. "டிக்கெட் நேத்தே போட்டாச்சு. எந்தத் தீவுன்னு சொல்லமாட்டேன். சொன்னா வெள்ளோட்டம் விடுவீங்க."

"பெட்டிக்கு யார் காவல்?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் எனக்குக் கேட்கத் தோன்றியது அதுதான்.

"யாரும் இல்ல," என்றாள் என் மனைவி. அப்படி அவள் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டிருந்தது. கார் கிளம்பிப் போயிற்று.

அந்த அதிகாரியை நான் குறை சொல்லமாட்டேன். பதவியில் உட்கார்ந்த முதல் நாளே, ஒரே கேள்வியில், உழைத்தவர் யார், அந்த உழைப்பின் மேல் உட்கார்ந்திருந்தவன் யார் என்று பிரித்துப் பார்த்துவிட்டார். இத்தனை வருஷமாகக் கூட்டம் போட்டும் எங்கள் அலுவலகத்தால் முடியாத காரியம் இது. இப்படிப்பட்ட அதிகாரியை ஒவ்வொரு வீட்டிலும் நியமிக்க வேண்டும் என்று சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரே ஒரு சிக்கல்தான். பதில் தெரியாமல் ஓரமாக நிற்கப்போகும் கணவன்மார்கள் எல்லாருக்கும் ஊரில் ஓரம் போதாது.